நாற்பத்தேழில் முடியும் எண்

மூன்றாவது முறையும் குறியீடு வரவில்லை. கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற முக்காலியில் உட்கார்ந்து, கையில் போனைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். திரையில் ஆறு காலிக் கட்டங்கள். அவற்றுக்கு மேலே, ‘உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பப்பட்டுள்ளது. ஐந்து நிமிடத்துக்குள் உள்ளிடவும்’ என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஒரு கடிகாரம், நொடி நொடியாகக் குறைந்துகொண்டு வந்தது. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். சிம்மைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி செருகினேன். காலையிலேயே கடைக்கு வந்துவிட்ட முதலாளி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, என்னம்மா பூஜையா நடக்குது என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல் மண்டையைக் குடைந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் என் ஆய்வறிக்கையைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஏற்றியாக வேண்டும். பகுதி நேரப் படிப்பு, ஆறு வருடக் கெடு, இன்றோடு முடிகிறது. வருடத்துக்கு ஒரு முறை, மூன்றே நாள்தான் அந்தப் பக்கம் திறக்கும். போன வருடம் அது திறந்ததும் எனக்குத் தெரியாது, மூடியதும் தெரியாது. மூடிய பிறகு ஒரு வாரம் கழித்துத்தான் வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார், ஏன் போடவில்லை என்று. இந்த வருடம் அவரே தேதியைச் சொல்லிவிட்டார். ஆனால் முதல் இரண்டு நாளும் அவருடைய கையெழுத்துக்காக அவர் அறை வாசலிலேயே போய்விட்டது. இன்று விட்டால் பதிவு ரத்து. முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பட்டம் எனக்கு அலங்காரத்துக்கு இல்லை. பதினான்கு வருடமாக இந்தக் கடையில், யாரோ எழுதிக் கொடுக்கிற சீட்டைப் பார்த்து லென்ஸ் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, மூக்கில் வைத்துச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். சீட்டில் தப்பு இருந்தால் ஆள் கண்ணாடியைப் போட்டுத் தரையைப் பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். தலை லேசாகச் சாயும், கால் தயங்கும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மறுபடி போய் எழுதி வாங்கி வாருங்கள் என்று மட்டும் சொல்லலாம். பட்டம் வந்தால் நானே சோதித்து, நானே எழுதி, கீழே என் கையெழுத்தைப் போடலாம். அதற்காகத்தான் ஐந்து பள்ளிக்கூடங்களில் இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளின் கண்ணை அளந்தேன். கண்மணிக்கும் கண்மணிக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அரை மில்லிமீட்டர் பிசகாமல் எடுத்தேன். அப்படிப்பட்டவளை ஒரு ஆறு இலக்கம் காலையிலிருந்து அலைக்கழித்துக்கொண்டிருந்தது.

இந்த இரண்டடுக்குச் சரிபார்ப்பு பற்றிய சுற்றறிக்கை போன மாதமே வந்திருந்தது. இனிமேல் கடவுச்சொல் மட்டும் போதாது, போனுக்கு வரும் குறியீட்டையும் போட்டால்தான் கணக்கு திறக்கும் என்று. சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் டவர் கிரேன் ஓட்டுகிறார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “இதுல என்ன இருக்கு? நாங்க எப்பவுமே அப்படித்தான். லீவர் என் கையிலதான் இருக்கு. ஆனா கீழ இருந்து கொடி கை காட்டாம ஒரு செங்கல்லைக்கூட அசைக்க மாட்டேன்.” கொடி என்பது கீழே நின்று சைகை காட்டுகிறவருக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர். அன்றைக்கு எனக்கு அது நல்ல விளக்கமாகத்தான் பட்டது. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிப்போட்டது என் தப்பு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

நான்காவது முறை அழுத்தினேன். அப்போதுதான் கட்டங்களுக்குக் கீழே சின்னதாக ஒரு வரி இருப்பதைப் பார்த்தேன். நட்சத்திரப் புள்ளிகளாகப் போட்டு, கடைசியில் மட்டும் 47 என்று இருந்தது. நாற்பத்தேழு. அது யாருடைய எண் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனையில், பள்ளிக்கூடத்தில், காஸ் ஏஜென்சியில், தையல்காரரிடம், எந்தக் கவுண்ட்டரில் போன் நம்பர் என்று கேட்டாலும் வாய்ப்பாடு மாதிரி என் வாயில் வருவது அதுதான். என் கணவரின் எண்.

ஆறு வருடத்துக்கு முன் சேர்க்கைப் படிவத்தை அவர்தான் நிரப்பினார். எங்கள் வீட்டில் படிவம் என்றால் அவர்தான். அச்சடித்த மாதிரி எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இவர் என் பெயரை எழுதும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணுக்கான கட்டத்தில் தன் எண்ணை எழுதினார். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மகளின் பள்ளி டைரியில்கூட அம்மாவின் எண் என்ற இடத்தில் நாற்பத்தேழுதான் இருக்கிறது.

மாற்றிவிடலாம் என்று ‘எண்ணை மாற்ற’ என்பதை அழுத்தினேன். மாற்றுவதற்கான குறியீடு பழைய எண்ணுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. திரையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு, அதிக முயற்சிகள் காரணமாகக் கணக்கு பூட்டப்பட்டது என்றும் வந்தது.

அவருக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கத்தான் செய்யும். காலை ஆறு மணிக்கு மேலே ஏறுவதற்கு முன் போனைக் கீழே அலுவலகக் கூண்டில் உள்ள லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், அது அங்கே சட்டம். மேலே கவனம் சிதறினால் கீழே ஆள் சாவான். மத்தியானம் ஒரு மணிக்கு இறங்கிச் சாப்பிட வருவார், அப்போது பேசலாம் என்று நினைத்தேன். அதற்குள் கணக்கின் பூட்டையாவது திறந்து வைப்போம் என்று, முதலாளியிடம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பேருந்து ஏறினேன்.

கணினி மையத்தின் உதவிக் கவுண்ட்டரில் எனக்கு முன்னால் இருபது பேர். எல்லோர் கையிலும் போன், எல்லோர் முகத்திலும் என் முகம்தான். ஒருவர் போனை மாற்றிவிட்டாராம், பழைய போன் ஆற்றில் விழுந்துவிட்டதாம். இன்னொருவர் குறியீட்டை ஒவ்வொரு தடவையும் தப்பாகவே போடுகிறாராம். வரிசை நகரவே இல்லை. ஒரு மணிக்கு என் கணவர் அழைக்கவில்லை. நான் அழைத்தேன், எடுக்கவில்லை. ஒன்று பத்துக்கு, ஒன்று இருபதுக்கு, ஒன்றரைக்கு. அப்புறம்தான் நினைவு வந்தது, இன்றைக்கு மாடித் தளம் போடும் நாள். கான்கிரீட் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும், அந்த நாட்களில் அவர் இறங்க மாட்டார், சாப்பாடு மேலே போகும். நாலரை மணிக்குத் தேநீருக்காகப் பத்து நிமிடம் இறங்குவார். அவ்வளவுதான். இதற்குள் கவுண்ட்டரையும் சாப்பாட்டு நேரம் என்று மூடிவிட்டார்கள். சுவரோரம் சரிந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது, பக்கத்தில் ஆள் இருந்ததால் அழவில்லை.

இரண்டேகாலுக்குக் கவுண்ட்டர் திறந்தது. என் முறை வந்தபோது மணி மூன்றாகப் போகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணியைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. போன வருடம் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். மாற்றலாகி இங்கே வந்திருக்கிறார் போலிருக்கிறது. அப்போதே அவர் மூக்குக் கண்ணாடி சரியில்லை, இடது காதுப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், நிமிடத்துக்கு ஒரு தரம் விரலால் தள்ளிக்கொள்வார். இப்போதும் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது.

போன வருடம் தேதி தவறியபோது, அறிவிப்பே வரவில்லை என்று இவரிடம்தான் சண்டை போட்டேன். அனுப்பினோம் என்றார். பொய் சொல்லாதீர்கள் என்றேன். என் கணவரும் கூட வந்திருந்தார். நான் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவர் என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தானே கவுண்ட்டருக்கு முன் போய் நின்றார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர், அன்றைக்கு அந்தக் கட்டடமே திரும்பிப் பார்க்கக் கத்தினார். என் பொண்டாட்டிக்கு ஒரு மெசேஜும் வரல, நீங்கள்லாம் எதுக்கு உக்காந்திருக்கீங்க என்று. எனக்காக ஒருவர் கத்துகிறார் என்று அந்த அழுகையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவர் பழையதைக் கிளறவில்லை. என் பதிவு எண்ணைக் கேட்டார், தட்டினார், பூட்டைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு முயற்சிதான் மிச்சம், அதற்குமேல் தப்பாகப் போனால் நாளைக்குத்தான் திறக்க முடியும் என்றார். எண்ணை இங்கேயே மாற்ற முடியாதா என்று கெஞ்சினேன். துறைத் தலைவர் கையெழுத்தோடு விண்ணப்பம், மூன்று வேலை நாள் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, திரையை என் பக்கம் திருப்பினார்.

“நாப்பத்தேழுல முடியற நம்பர்தானே? போன வருஷம் இதுக்கு நாலு தடவ போயிருக்கு மா. தேதியோட இருக்கு, பாருங்க.”

பார்த்தேன். நான்கு வரிகள். பக்கம் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஒன்று, திறந்த அன்று ஒன்று, மறுநாள் ஒன்று, கடைசி நாள் காலை ஒன்று. நான்கிலும் ‘சேர்ந்தது’ என்று போட்டிருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னால் இருந்தவர் தன் பதிவு எண்ணைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். என் கோபத்துக்கு எதிராக நானே என் கணவருக்கு வக்கீலாக வாதாடிக்கொண்டு போனேன். அந்த வாரம் அவர் போன் பழுதாகியிருக்கலாம். மகள் விளையாடும்போது அழித்திருக்கலாம். விளம்பரம் என்று நினைத்திருக்கலாம், எத்தனையோ குப்பை வருகிறது. வட்டியில்லாக் கடன், இலவசப் பரிசு என்று ஒரு நாளைக்கு ஐம்பது வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மேம்பாலத்தில் வண்டி ஏறியபோது கிரேன் தெரிந்தது. மஞ்சள் கை, அதன் வேரில் தீப்பெட்டி அளவுக்கு அறை. அதற்குள் அவர் இருந்தார். ஊர் முழுக்கப் பார்க்கிற உயரத்தில் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஆறே ஆறு எண். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பல்லைக் கடித்தேன்.

வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். பெயர், யாரைப் பார்க்க, நேரம், போன் நம்பர். கடகடவென்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன், கடைசிக் கட்டத்தில் நாற்பத்தேழில் முடியும் எண்ணையே எழுதியிருந்தேன். அடித்தேன். பக்கத்தில் என் எண்ணை எழுதலாம் என்று பேனாவை வைத்தேன். முதல் நான்கு எண் வந்தது. அப்புறம் இரண்டு வரவேண்டும், அதில் ஒன்று எட்டா மூன்றா என்று சந்தேகம். மீதி வரவே இல்லை. கடைக்கு வருகிறவர்களின் கண் தூரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என் கணவருக்கு அறுபத்தாறு, மகளுக்கு ஐம்பத்தெட்டு. என் சொந்த எண் தெரியவில்லை. காவலாளி பொறுமை இழந்து, சரி விடும்மா, யார்னு எங்களுக்குத் தெரியாதா என்று பதிவேட்டை வாங்கிக்கொண்டார்.

தெரியும்தான். அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போகிற நாட்களில் நான் இந்த வாசல் வரை வந்திருக்கிறேன். டப்பாவைக் கொடியிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், மேலே அறையின் பக்கக் கதவு திறந்து ஒரு கை வெளியே நீண்டிருக்கும். நான் பதிலுக்குக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டும்வரை அந்தக் கை உள்ளே போகாது, கொக்கியும் அசையாது. கீழே எல்லோரும் சிரிப்பார்கள். இது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஒரு விளையாட்டு, பத்து வருடப் பழக்கம்.

நாலு முப்பத்திரண்டுக்கு அவர் இறங்கத் தொடங்கினார். ஏணி மடங்கி மடங்கி வரும், ஒவ்வொரு தட்டிலும் இடுப்புக் கொக்கியை மாற்றி மாட்ட வேண்டும், அவசரப்படக் கூடாது. அவர் அவசரப்படவில்லை. கீழே நின்ற எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு முப்பத்தெட்டுக்குத் தரையில் கால் வைத்து, தலைக்கவசத்தைக் கழற்றியதும் என்னைப் பார்த்து முகம் வெளிறிப்போனது.

“என்ன ஆச்சு? பாப்பாவுக்கு ஏதாவது?”

“பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லங்க. முதல்ல உங்க போன எடுங்க.”

லாக்கரைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தார். நான் என் போனில் பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்து கடவுச்சொல்லைப் போட்டேன். இரண்டு விநாடியில் அவர் கையில் ஒரு மணிச் சத்தம். காலையிலிருந்து நான் தவம் கிடந்த சத்தம். அவர் படித்துக் காட்டினார், நான் போட்டேன், தப்பு என்று வந்தது. காலையில் வந்த பழையதைப் படித்திருக்கிறார். வரிசையாக ஆறு குறியீடு இருக்கிறது, எது புதியது என்று அவருக்குத் தெரியவில்லை. இனி ஒரே ஒரு முயற்சி. “குடுங்க இங்க” என்று போனை வாங்கினேன்.

புதியது அடியில் இருந்தது. பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகப் போட்டேன். திறந்தது. போனிலும் வைத்திருந்த கோப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றுவதற்கு அழுத்தினேன். நீலக் கோடு மெதுவாக நகரத் தொடங்கியது. அது நகரும் நேரத்தில், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, அவர் போனில் அந்தச் செய்திகளை விரலால் மேலே தள்ளினேன். போன வருடத்துச் செய்திகள் நான்கும் இருந்தன. எதுவும் அழிந்திருக்கவில்லை. மூன்றாவதுக்குக் கீழே, அவர் பக்கத்திலிருந்து ஒரு பதிலும் இருந்தது. ‘ஆய்வறிக்கையைப் பதிவேற்ற நாளை மாலை ஐந்து மணி கடைசி’ என்று இயந்திரம் அனுப்பியதற்கு, என் கணவர் ‘சரி’ என்று எழுதியிருந்தார்.

அதை அவரிடம் காட்டினேன். அவர் பக்கத்தில் குனிந்து படித்தார். மறுபடியும் படித்தார். முன்னால் யாரோ தேநீரை நீட்டினார்கள், அதைக் கவனிக்கவில்லை.

“இறங்கி வந்ததும் பாத்திருப்பேன்,” என்றார். “சாயங்காலம் உங்கிட்ட சொல்லணும்னு…”

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான். ‘சரி’ என்று போட்டதும் அந்த வேலை முடிந்துவிட்டது அவருக்கு. சிமெண்டு மூட்டைக்கு இரண்டு முறை கை காட்டச் சொல்கிற மனிதர், என் ஒரு வருடத்துக்கு ஒரு தரம் ‘சரி’ போட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். அவர் கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்கு வந்த கோபத்தில் அந்த இரண்டு போனையும் கான்கிரீட் கலவையில் எறிந்திருப்பேன். எறிய முடியாது, நீலக் கோடு பாதியில்தான் நின்றது.

“அன்னிக்கு அந்தம்மாவ நான் அவ்வளவு கத்தினேன்,” என்றார் அவர். “போன் என் பைலதான் இருந்துச்சு.”

“நீங்க மேல போங்க. நேரமாச்சு.”

“இதுக்கு இன்னும் நம்பர் வருமா?”

“வரும்.”

போனை என்னிடமே விட்டார். பூட்டிக்கொண்டால் திறக்க, திரையில் விரலால் கோலம் போடுவதைக் காட்டினார். “‘ட’ எழுதற மாதிரி,” என்றார். குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதுபோல் இரண்டு முறை மெதுவாகப் போட்டுக் காட்டினார். பிறகு தேநீர் குடிக்காமலே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏணிப் பக்கம் நடந்தார். முதல் தட்டில் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

செங்கல் அடுக்கில் உட்கார்ந்தேன். நாலு ஐம்பத்தொன்றுக்குக் கோப்பு ஏறி முடிந்தது. உறுதி செய்ய மீண்டும் குறியீடு என்று கேட்டது. இந்தத் தடவை அவர் போன் என் மடியில் இருந்தது. ‘ட’ எழுதித் திறந்து, பார்த்து, போட்டேன். நாலு ஐம்பத்துமூன்றுக்குத் திரையில் பச்சையாக ஒரு குறி வந்தது. பெறப்பட்டது. இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளும் உள்ளே போய்விட்டார்கள். குதிக்க வேண்டும் போலிருக்கும் என்று ஆறு வருடமாக நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. கழுத்து வலித்தது, தாகமாக இருந்தது. அதற்குள் அவர் போனில் இன்னொரு மணி அடித்தது. ‘வாழ்த்துகள். உங்கள் ஆய்வறிக்கை பெறப்பட்டது.’ எனக்கான வாழ்த்தும் நாற்பத்தேழுக்குத்தான் வந்தது.

அமைப்புகளுக்குப் போய் ‘எண்ணை மாற்ற’ என்பதை அழுத்தினேன். புதிய எண்ணை உள்ளிடவும் என்றது. என் எண்ணை எங்கே பார்ப்பது என்று யோசித்து, அவர் போனில் தொடர்புகளைத் திறந்து என் பெயரை எழுதித் தேடினேன். இல்லை. பெயரைச் சுருக்கி எழுதிப் பார்த்தேன், அவர் என்னைச் செல்லமாகக் கூப்பிடுவதை எழுதிப் பார்த்தேன், இல்லை. கடைசியில், தவறிய அழைப்புகளைத் திறந்தேன். இன்றைக்கு மட்டும் பதினேழு. பதினேழும் என்னுடையவை. பதினேழிலும் ‘வீடு’ என்று இருந்தது.

கல்யாணமான புதிதில் இந்த மாதிரி எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், இப்போதும் பாதி மனசு அப்படித்தான் இருந்தது. அந்தப் பாதியின் மேலும் எனக்கு எரிச்சலாக வந்தது. ‘வீடு’ என்பதைத் தொட்டேன். கீழே என் எண் விரிந்தது. எட்டு இல்லை, மூன்று. கடைசி இரண்டு இலக்கம் தொண்ணூறு. ஒவ்வொன்றாகப் பார்த்து என் போனில் அடித்தேன், இரண்டு தரம் சரிபார்த்தேன், அழுத்தினேன்.

பழைய எண்ணுக்கு ஒரு குறியீடும் புதிய எண்ணுக்கு ஒரு குறியீடும் அனுப்பப்பட்டுள்ளன, இரண்டையும் ஐந்து நிமிடத்துக்குள் உள்ளிடவும் என்று வந்தது. வலது கையில் இருந்த அவர் போன் அடித்தது. அப்புறம் இடது கையில் என்னுடையதும் அடித்தது. இத்தனை வருடத்தில் எனக்கென்று வந்த முதல் குறியீடு. ஆறு இலக்கம், கீழே ஒரு வரி: ‘இதை யாரிடமும் பகிர வேண்டாம்.’

யாரோ கூப்பிட்டார்கள். கொடி. கையில் பச்சைத் துணியோடு, என்னைப் பார்த்து மேலே காட்டினார். நிமிர்ந்தேன். கான்கிரீட் நிரம்பிய வாளி ஏழாவது மாடி உயரத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அறையின் பக்கக் கதவு திறந்திருந்தது, அதிலிருந்து ஒரு கை வெளியே நீண்டிருந்தது. கொடி துணியை ஆட்டினார், மறுபடியும் ஆட்டினார். அந்தக் கை உள்ளே போகவில்லை. கொடி என்னைப் பார்த்து, காட்டும்மா, காட்டிவிடு என்றார். கீழே நின்ற அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான்கு நிமிடம் இருந்தது, அப்புறம் மூன்று நிமிடம் ஐம்பது நொடி. என் இரண்டு கையிலும் போன் இருந்தது.